சீரமும் உறையும்: நிமோனியாக் கிருமி வேடம் மாற்றிய வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய, அமெரிக்கப் பெருநகரங்களில் காசநோயோடு போட்டியிட்டு உயிர்களைப் பறித்த நோய் நிமோனியா. அதற்கு மருந்து இல்லாத அந்தக் காலத்தில், நோயாளியைப் படுக்கையில் கிடத்தி, காற்றோட்டமும் நீராகாரமும் தந்து காத்திருப்பதே சிகிச்சையாக இருந்தது. நுரையீரலின் ஒரு மடல் முழுவதையும் இறுகச் செய்யும் வகை நிமோனியாவில், ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையே ஏதோ ஒரு நாளில் வியர்த்துக் கொட்டி, காய்ச்சல் மளமளவென்று இறங்கி, நோயாளி பிழைத்துக்கொள்வார். அந்த நாள் வராமலேயே இறந்துபோனவர்களும் ஏராளம். இந்தத் திருப்பத்தை மருத்துவர்கள் ‘நெருக்கடி’ என்று குறித்தார்கள். அதையொட்டிய நாட்களில் நோயாளியின் இரத்தத்தில் எதிர்ப்பொருள்கள், அதாவது நோய்க்கிருமியின் மேற்பரப்பில் போய் ஒட்டிக்கொள்ளும் புரதங்கள், தென்படத் தொடங்குகின்றன என்பது முதல் உலகப் போருக்கு முன்பே தெரிந்துவிட்டது. அப்படியானால் அந்த வேளையில் கிருமிக்கு என்ன நேர்கிறது, அது அழிந்து மட்டும் போகிறதா அல்லது தன் வடிவத்தையே மாற்றிக்கொண்டு தப்பிக்கப் பார்க்கிறதா என்ற இரண்டாவது கேள்வியைக் கேட்டவர்கள் மிகச் சிலரே. உயிரின் மரபுப் பொருள் டிஎன்ஏ என்ற கண்டுபிடிப்புக்கு வழிகாட்டியது இந்த இரண்டாவது கேள்விதான் என்றாலும், அந்தக் கண்டுபிடிப்பின் பேரொளியில் கேள்வி ஏறத்தாழ மறக்கப்பட்டுவிட்டது.

நிமோனியாவின் முதன்மைக் காரணியான நியூமோகாக்கஸ் பாக்டீரியாவை 1881இல் இருவர் தனித்தனியே அறிவித்தனர். பாரிசில் லூயி பாஸ்டர், வெறிநாய்க்கடியால் இறந்த குழந்தை ஒன்றின் எச்சிலிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். அமெரிக்க ராணுவ மருத்துவர் ஜார்ஜ் ஸ்டெர்ன்பெர்க் தம் சொந்த எச்சிலை முயல்களுக்குள் செலுத்தி, முயல்கள் இறந்ததைக் கண்டு அதே கிருமியை அடையாளம் கண்டார். நோயில்லாத ஒருவரின் வாயிலேயே முயலைக் கொல்லும் கிருமி குடியிருந்தது என்பது அந்தக் காலத்தில் பலரையும் குழப்பிய செய்தி. நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டிரண்டாகச் சேர்ந்து நிற்கும் இந்தப் பாக்டீரியாவைச் சுற்றிப் பாகு போன்ற ஒரு படலம் தெரியும். உறை எனப்படும் இப்படலமே அதன் உயிர்க்கவசம். இரத்தத்திலும் திசுக்களிலும் சுற்றித் திரிந்து கிருமிகளை விழுங்கும் வெள்ளையணுக்கள், உறையுள்ள நியூமோகாக்கஸைப் பற்ற முடியாமல் வழுக்கிவிடுகின்றன; உறையை அடையாளம் கண்டு ஒட்டும் எதிர்ப்பொருள்கள் அதன்மீது படிந்துவிட்டாலோ, அதே வெள்ளையணுக்கள் அதை எளிதில் விழுங்கிவிடுகின்றன.

நோயிலிருந்து மீண்ட விலங்கின் சீரம், அதாவது இரத்தம் உறைந்த பின் மேலே தெளிந்து நிற்கும் நீர்ப்பகுதி, வேறொரு விலங்கைக் காக்கும் என்பதை 1891இல் ஜெர்மனியின் கிளெம்பெரர் சகோதரர்கள் முயல்களில் நிறுவினார்கள். ஆனால் ஒருவருக்கு உதவிய சீரம் மற்றவருக்கு உதவாமல் போனது பல ஆண்டுகள் புரியாத புதிராக நீடித்தது. பெர்லினில் ஃபிரெடரிக் நாய்ஃபெல்டும் லுட்விக் ஹேண்டலும் 1910ஆம் ஆண்டை ஒட்டி இதற்கு விடை கண்டார்கள்: நியூமோகாக்கஸ் ஒரே கிருமியாகத் தோன்றினாலும் உள்ளுக்குள் பல வகைகளாகப் பிரிந்திருக்கிறது, ஒரு வகைக்கு எதிரான சீரம் அந்த வகையை மட்டுமே கட்டுப்படுத்தும். 1910இல் திறக்கப்பட்ட நியூயார்க் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவன மருத்துவமனையில் அதன் இயக்குநர் ரூஃபஸ் கோலின் வழிகாட்டலில் டோசெஸும் கில்லெஸ்பியும் 1913இல் வகை 1, வகை 2, வகை 3 என்று பகுத்து, எதிலும் அடங்காதவற்றை எல்லாம் நான்காம் குழு என்று ஒரே மூட்டையில் கட்டினார்கள். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் நெருக்கமான தொழிலாளர் குடியிருப்புகளில் நிமோனியா கொள்ளை கொண்டுபோனதால், ஸ்பென்சர் லிஸ்டர் என்பவரும் ஏறத்தாழ அதே காலத்தில் தனியாக ஒரு வகைப்பாட்டை உருவாக்கினார். இன்று அறியப்பட்ட வகைகள் நூற்றுக்கும் மேல்.

வகை தெரியாமல் சீரம் கொடுப்பது வீண் என்றானதும் ஆய்வகங்களில் ஒரு புதிய தொழிலே பிறந்தது. நோயாளி இருமித் துப்பிய சளியை உப்புநீரில் அலசி, சிறு கல்வத்தில் அரைத்து, அதில் சில துளிகளை ஒரு வெள்ளெலியின் வயிற்றறைக்குள் செலுத்துவார்கள். எலியின் உடலுக்குள் மற்றக் கிருமிகள் மங்கிவிட நியூமோகாக்கஸ் மட்டும் பெருகும். சில மணி நேரம் கழித்து எலியைக் கொன்று, வயிற்றறையை உப்புநீரால் கழுவி, அந்தக் கழுவுநீரை வகைக்கொரு குழாயாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு வகைச் சீரத்தைக் கலப்பார்கள். எந்தக் குழாயில் கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றனவோ அதுவே நோயாளியின் வகை. பின்னாளில் இந்த வேலை சுருங்கியது. நாய்ஃபெல்ட் 1902லேயே கவனித்திருந்த ஒரு விளைவை 1930களில் மீண்டும் எடுத்துப் பயன்படுத்தியபோது, சளித் துளியோடு சீரத்தையும் மெத்திலீன் நீலச் சாயத்தையும் கலந்து நுண்ணோக்கியில் வைத்தால், பொருத்தமான சீரம் பட்ட கிருமியின் உறை மட்டும் புடைத்து, நீலப் புள்ளியைச் சுற்றிய ஒளிவளையமாக நிமிடங்களில் தெரிந்தது. நள்ளிரவில் சேர்க்கப்பட்ட நோயாளிக்கும் விடிவதற்குள் வகை சொல்ல முடிந்தது இதனால்தான்.

சிகிச்சைக்கான சீரம் குதிரையிலிருந்து வந்தது. கிருமியை ஊசி மூலம் பலமுறை ஏற்றி எதிர்ப்பொருள் பெருகிய குதிரையின் இரத்தத்தை எடுத்து, சீரத்தைப் பிரித்து, நோயாளியின் சிரையில் பேரளவில் செலுத்தினார்கள். முதல் வகை நிமோனியாவுக்கு அது நல்ல பலன் தந்தது. ஆனால் குதிரைப் புரதம் மனித உடலுக்கு அந்நியமானதால், பிழைத்தவர்களில் பலர் பத்து நாட்களுக்குள் தடிப்பும் மூட்டுவலியும் காய்ச்சலும் கண்டு ‘சீர நோய்’ என்ற இன்னொரு துன்பத்தைக் கடக்க வேண்டியிருந்தது.

இந்த வகைகள் மாறாதவையா என்ற கேள்வி தொழில்நுட்பக் கேள்வி மட்டுமன்று. அதற்குள் அரை நூற்றாண்டுச் சண்டை ஒன்று புதைந்திருந்தது. 1870களில் தாவரவியலாளர் கார்ல் நேகெலி, பாக்டீரியாக்கள் சூழலுக்கேற்ப வடிவமும் குணமும் மாறக்கூடியவை, அவற்றை நிலையான இனங்களாகப் பிரிப்பதே தவறு என்று வாதிட்டார். ஃபெர்டினாண்ட் கோனும் அவரைத் தொடர்ந்து ராபர்ட் கோக்கும் இதை மறுத்து, ஒவ்வொரு பாக்டீரியாவும் தனக்கெனத் திட்டமான வடிவம் கொண்ட தனி இனம் என்று நிறுவினார்கள். தூய வளர்ப்பு என்னும் முறை, அதாவது ஒரே கிருமியின் வழித்தோன்றல்களை மட்டும் தனியே வளர்க்கும் முறை, கோக்கின் கட்சியை வெல்ல வைத்தது. வென்ற கட்சி தன் வெற்றியை அளவுக்கு மீறி நீட்டிக்கொண்டதும் உண்டு: வளர்ப்புத் தட்டில் மாறுபட்ட ஒன்று தெரிந்தால், அது மாற்றம் அல்ல, கலப்படம் என்று தூக்கியெறிவதே நல்ல ஆய்வாளரின் அடையாளம் என்றாகிவிட்டது. மாற்றத்தைப் பார்த்தவர்கள் பேசத் தயங்கிய அந்த முப்பது ஆண்டுகளில் எத்தனை தட்டுகள் குப்பைக்குப் போயிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

அந்தத் தயக்கத்தை மீறிய தொடக்கக் கட்டுரைகளில் ஒன்று 1916இல் ராக்ஃபெல்லர் மருத்துவமனையிலிருந்து வந்தது. ஸ்டிரைக்கர் என்ற ஆய்வாளர், நியூமோகாக்கஸை அதற்கு எதிரான சீரம் கலந்த ஊட்டநீரிலேயே தலைமுறை தலைமுறையாக வளர்த்தபோது, அது உறையை இழந்து, எலியைக் கொல்லும் திறனில் குன்றி, வெள்ளையணுக்களுக்கு எளிதில் இரையாவதாக மாறியதைப் பதிவு செய்தார். ஐந்து ஆண்டுகள் கழித்து லண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் ஜோசஃப் ஆர்க்ரைட், வயிற்றுக்கடுப்பையும் டைஃபாய்டையும் உண்டாக்கும் பாக்டீரியாக்களில் இரண்டு தோற்றங்கள் இருப்பதை விவரித்தார். காலனி என்பது தட்டில் ஒரு கிருமியிலிருந்து பெருகி வளர்ந்த திட்டு. ஒரு தோற்றத்தில் அந்தத் திட்டு வழவழப்பாகப் பளபளக்க, மற்றதில் மேற்பரப்பு சொரசொரப்பாக, ஓரம் ஒழுங்கற்றதாக இருந்தது. ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகளைக் கொண்டு எஸ், ஆர் என்று இவை வழங்கப்பட்டன. வழவழப்பான எஸ் வடிவமே உடலுக்குள் வாழ்ந்து பழகிய இயல்பு வடிவம் என்றும், விருந்தோம்பியின் கட்டுப்பாட்டிலிருந்து விலகி வளர்ப்பு ஊடகத்தில் நெடுங்காலம் வாழ்கையில் சொரசொரப்பான ஆர் வடிவம் தலையெடுக்கிறது என்றும் ஆர்க்ரைட் கருதினார். விருந்தோம்பி என்று இங்கே குறிப்பது கிருமி தங்கி வாழும் மனித உடலையோ விலங்கின் உடலையோ ஆகும்.

1923இல் இந்த இரண்டு இழைகளையும் இணைத்தவர் ஃபிரெடரிக் கிரிஃபித். பிரிட்டிஷ் சுகாதார அமைச்சகத்தின் நோயியல் ஆய்வகத்தில் மிக எளிய வசதிகளோடு பணிபுரிந்த அவர், எதிர்ப்புச் சீரம் நியூமோகாக்கஸின் குணங்களை எப்படி மாற்றுகிறது என்பதையே தலைப்பாகக் கொண்ட அரசு அறிக்கை ஒன்றை வெளியிட்டார். சீரத்தில் வளர்த்த வழவழப்பு நியூமோகாக்கஸ் சொரசொரப்பாக மாறுகிறது, மாறியது உறையையும் நச்சுத் திறனையும் ஒருங்கே இழக்கிறது, வகையின் அடையாளமும் அதோடு மறைந்துவிடுகிறது என்று அதில் காட்டினார். ஆக, நோயைக் கட்டுப்படுத்தும் எதிர்ப்பொருளே கிருமியின் வடிவ மாற்றத்துக்கும் வாய்ப்பளிக்கிறது.

இங்கே நின்று கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. அதே சீரம் கண்ணாடிக் குழாயிலும் உயிருள்ள உடலிலும் நேரெதிரான விளைவுகளைத் தருகிறது. குழாயில் வெள்ளையணுக்கள் இல்லை. உறையுள்ள கிருமிகள்மீது எதிர்ப்பொருள் படிந்ததும் அவை ஒட்டித் திரண்டு அடியில் படிகின்றன. தற்செயலாக உறையை இழந்துவிட்ட ஒன்றிரண்டு கிருமிகளை எதிர்ப்பொருள் பற்றாது, ஏனெனில் பற்றிக்கொள்ள உறையே இல்லை. அவை தடையின்றிப் பெருகுகின்றன. அடுத்த குழாய்க்கு ஊட்டநீரை மாற்றும்போதெல்லாம் மேலே மிதப்பவையே அதிகம் எடுக்கப்படுவதால் சில தலைமுறைகளில் குழாய் முழுவதும் உறையற்றவையே மிஞ்சும். உடலிலோ நிலைமை வேறு. அங்கே உறையற்ற கிருமி உடனே விழுங்கப்பட்டுவிடும். அதனால் எதிர்ப்பொருள் இல்லாத உடலில் உறையுள்ளதே ஆட்சி செய்யும். குழாயில் நோயெதிர்ப்பின் ஒரு கரம் மட்டும் வேலை செய்ய, உடலில் இரு கரங்களும் இயங்குகின்றன. கிரிஃபித் காலத்து விவாதங்கள் பலவும் கசந்துபோனதற்கு, குழாயில் கண்டதை உடலுக்கும் உடலில் கண்டதைக் குழாய்க்கும் நேரடியாகப் பொருத்தியதே காரணம் என்று சொல்லத் தோன்றுகிறது. எலியின் உடலுக்குள் பெருமளவில் ஆர் வடிவத்தைச் செலுத்தினால் சில வேளைகளில் அது மறுபடியும் உறை பூண்டு எஸ் வடிவமாகத் திரும்புவதைக் கிரிஃபித்தே கண்டார். எலியின் வெள்ளையணுக்கள் ஆர் வடிவத்தை வடிகட்டிவிட, உறையை மீட்டுக்கொண்ட அரிதான சில மட்டும் பிழைத்தன என்றே இன்று அதை விளக்க முடியும்.

கிரிஃபித்தின் மனத்தை அலைக்கழித்த கேள்வி மருத்துவமனைச் சளியிலிருந்தே எழுந்தது. 1920க்கும் 1927க்கும் இடையே, பெரும்பாலும் ஸ்மெத்விக் என்ற தொழில்நகரத்திலிருந்து தமக்கு வந்த மாதிரிகளைத் தொடர்ந்து வகைபிரித்த அவர், வகை 2 மூன்றில் ஒரு பங்களவிலிருந்து பத்தில் ஒரு பங்குக்கும் கீழே சரிந்துவிட்டதைக் கண்டார். அதைவிட வியப்பாக, ஒரே நோயாளியின் சளியில் ஒன்றுக்கு மேற்பட்ட வகைகள் தென்பட்டன. நோய் தணியும் கட்டத்தில் நான்காம் குழுவைச் சேர்ந்தவை சேர்ந்து வந்தன. இதற்கு இரண்டு விளக்கங்கள் இருந்தன. நோயாளியின் தொண்டையில் பல வகைகள் முதலிலிருந்தே அருகருகே வாழ்ந்திருக்கலாம். அல்லது உடலின் எதிர்ப்பு வலுத்துவரும்போது நோய் தந்த வகை தன் உருவை மாற்றிக்கொண்டிருக்கலாம். கிரிஃபித் இரண்டாவதின் பக்கம் சாய்ந்தார். நோயெதிர்ப்பால் நெருக்கப்பட்ட கிருமி சொரசொரப்பு வடிவத்துக்கு இறங்குவது தோல்வியை ஒப்புக்கொள்வதுதான் என்றாலும், மீண்டும் கொடிய வடிவமாக எழும் ஆற்றலை அது கைவிடாமல் காத்துக்கொள்கிறது என்ற பொருள்பட 1928ஆம் ஆண்டுக் கட்டுரையில் எழுதினார். கொள்ளைநோய்கள் ஏன் எழுந்து அடங்கி மீண்டும் எழுகின்றன என்பதற்கே இதில் விடை இருக்கக்கூடும் என்பது அவரது எண்ணம்.

பாடநூல்கள் எல்லாம் சொல்லும் எலிச் சோதனை இந்த எண்ணத்தைச் சோதிக்க எழுந்ததே. வகை 2இலிருந்து பெறப்பட்ட உயிருள்ள, உறையற்ற, தீங்கற்ற ஆர் கிருமிகளோடு, சூடாக்கிக் கொன்ற வகை 3 எஸ் கிருமிகளைச் சேர்த்து எலியின் தோலுக்கடியில் செலுத்தினார். தனித்தனியே இவற்றில் எதுவும் எலியைக் கொல்லாது. இரண்டும் சேர்ந்தபோது எலிகள் இறந்தன. அவற்றின் இரத்தத்தில் உயிருள்ள வகை 3 எஸ் கிருமிகள் இருந்தன. வகை 2 தன் பழைய உறையை மீட்டிருந்தால் அது வகை 2ஆகவே திரும்பியிருக்க வேண்டும். திரும்பியதோ வகை 3. அதனால் வெறும் மீட்சி என்று சொல்லித் தள்ள வழியில்லை. இறந்த கிருமியின் பொருளை உணவாகக் கொண்டு உயிருள்ள கிருமி உறையை நெய்துகொள்கிறது என்பது போன்ற விளக்கத்தை அவர் தந்தார். விளக்கம் பிழைபட்டது, சோதனை பிழைபடவில்லை. அவ்வாண்டே பெர்லினில் நாய்ஃபெல்டும் லெவிந்தாலும் அதைச் செய்து பார்த்து உறுதி செய்தார்கள். ஆனால் வகைகள் நிலையானவை என்ற நம்பிக்கையின் மேல்தான் சீரச் சிகிச்சை முழுவதுமே நின்றது என்பதால், நியூயார்க்கில் வகைகளுக்காகவே வாழ்நாளைக் கொடுத்திருந்த ஆஸ்வால்ட் ஏவரி முதலில் தயங்கினார்.

ஏவரியின் தயக்கத்துக்கு அடிப்படை இல்லாமலில்லை. 1917இல் அவரும் டோசெஸும், நோயாளியின் இரத்தத்திலும் சிறுநீரிலும் கூட வகைக்கே உரிய கரைபொருள் ஒன்று கசிந்து வருவதைக் கண்டிருந்தார்கள். 1923இல் வேதியியலாளர் மைக்கேல் ஹைடல்பெர்கரோடு சேர்ந்து அது பல சர்க்கரை அலகுகள் கோத்த பாலிசாக்கரைடு என்று ஏவரி காட்டினார். நோயெதிர்ப்பைத் துல்லியமாகத் தூண்டக்கூடியவை புரதங்களே என்று எல்லோரும் நம்பிய காலத்தில் சர்க்கரைக்கு அந்தத் தகுதி வந்தது சிறிய செய்தியன்று. கிருமி தன் உறைப்பொருளைச் சுற்றிலும் உதிர்த்து, எதிர்ப்பொருள்களை வீணாக அதில் பற்றச் செய்து திசைதிருப்புகிறது என்ற புரிதலும் இங்கிருந்தே வளர்ந்தது. 1930ஐ ஒட்டி ரெனே டூபோஸ், சதுப்பு மண்ணில் கிடைத்த பாக்டீரியா ஒன்றின் நொதி வகை 3 உறையைக் கரைத்துவிடுவதைக் கண்டு ஏவரியோடு சேர்ந்து அதை எலிகளுக்குக் கொடுத்தபோது, அந்த நொதி கிருமியைக் கொல்லவில்லை. உறையை மட்டும் களைந்தது. மிச்ச வேலையை எலியின் வெள்ளையணுக்கள் முடித்தன. உறையின் பயன் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அக்காலத்தில் இல்லை.

ஏவரியின் துறையிலேயே மார்ட்டின் டாசன் கிரிஃபித்தின் முடிவைச் சரிபார்த்து உண்மை என்று அறிவித்தார். 1931இல் டாசனும் ரிச்சர்ட் சியாவும் எலியே இல்லாமல் குழாயில் அந்த மாற்றத்தை நிகழ்த்தினார்கள். இங்கேதான் சீரம் மறுபடி மேடையேறுகிறது, ஆனால் இம்முறை எதிர்த்திசையில். ஊட்டநீரில் ஆர் வடிவத்துக்கு எதிரான சீரத்தை அவர்கள் கலந்திருந்தார்கள். உறையற்ற கிருமிகள் அதில் திரண்டு அடியில் படிய, உறை பூண்டு மாறிய மிகச் சில மட்டும் பரவலாக மேலே வளர்ந்து கண்ணில் பட்டன. எஸ் வடிவத்துக்கு எதிரான சீரம் உறையை இழந்ததைப் பொறுக்கி எடுத்ததென்றால், ஆர் வடிவத்துக்கு எதிரான சீரம் உறை பூண்டதைப் பொறுக்கி எடுத்தது. 1932இல் லயனல் ஆலோவே உயிரணுக்களே இல்லாத சாற்றால் மாற்றத்தை உண்டாக்க, 1944இல் ஏவரி, கோலின் மக்லியோட், மக்லின் மக்கார்ட்டி மூவரும் அந்தச் சாற்றில் செயல்படும் பொருள் டிஎன்ஏ என்று எழுதினார்கள். அவர்களின் குழாயிலும் ஆர் கிருமியைத் திரளச் செய்யும் எதிர்ப்பொருள் கொண்ட உடல்திரவம் இன்றியமையாத பொருளாக இருந்தது.

அவர்கள் கையாண்ட கிருமியின் பெயரிலேயே இந்த வரலாறு பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆர்36ஏ என்ற அந்தச் சொரசொரப்பு வழி, 1916இல் ராக்ஃபெல்லர் மருத்துவமனையில் ஒரு நோயாளியிடமிருந்து எடுத்த டி39 என்ற வகை 2 கிருமியிலிருந்து வந்தது. வகை 2க்கு எதிரான முயல் சீரத்தில் 36 முறை மாற்றி மாற்றி வளர்த்ததன் நினைவே அந்த எண். அது தானாக எஸ் வடிவத்துக்குத் திரும்பாததால்தான் ஆய்வுக்கு நம்பகமானதாயிற்று. அரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து மரபணு எழுத்துகளை வாசித்தபோது காரணம் விளங்கியது: உறையை ஆக்கும் மரபணுத் தொகுதியிலிருந்து ஏழாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட எழுத்துகள் அடியோடு அறுந்துபோயிருந்தன. அந்த அறுபட்ட கிருமியையே சீரம் 36 சுற்றுகளில் தேடிப் பிடித்துக் கொடுத்திருந்தது. டிஎன்ஏவின் கதையை மட்டும் சொல்லிச் சீரத்தை விட்டுவிடும் பாடநூல்கள், அந்தச் சோதனையைச் சாத்தியமாக்கிய நோயெதிர்ப்பின் பங்கையே மறைத்துவிடுகின்றன. டிஎன்ஏ பற்றிய அந்த முடிவைக் கிரிஃபித் பார்க்கவில்லை. 1941 ஏப்ரலில் லண்டன் மீது நடந்த ஜெர்மானிய விமானத் தாக்குதலில் உயிரிழந்தார்.

அதற்கு முன்பே சீரத் தொழிலும் முடிவை நெருங்கியிருந்தது. 1938-39இல் சல்ஃபாபிரிடின் என்ற மாத்திரை வந்ததும் வகை பார்க்கும் அவசரமே இல்லாமல் போனது. பெனிசிலின் வந்ததும் குதிரைகள் ஓய்வு பெற்றன, எலிகள் பிழைத்தன. நோயெதிர்ப்புக்கும் கிருமியின் வடிவத்துக்கும் உள்ள உறவு ஆய்வுப் பொருளாக இருந்து, வரலாற்றுக் குறிப்பாகச் சுருங்கிற்று.

எதிர்ப்பொருள் கிருமியை மாறும்படி தூண்டுகிறதா, ஏற்கெனவே தற்செயலாக மாறியவற்றைத் தேர்ந்தெடுக்கிறதா என்ற கேள்விக்கு விடைதரும் தருக்கத்தை 1943இல் சால்வடோர் லூரியாவும் மாக்ஸ் டெல்புருக்கும் வேறொரு பாக்டீரியாவில் நிறுவினார்கள். பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸுக்கு அஞ்சாத பாக்டீரியாக்கள், வைரஸைச் சந்திப்பதற்கு முன்பே தற்செயலாகத் தோன்றிவிடுகின்றன என்பதைப் பல குழாய்களில் அவற்றின் எண்ணிக்கை ஒழுங்கின்றி ஏறி இறங்குவதைக் கொண்டு காட்டினார்கள். நியூமோகாக்கஸும் இதற்கு விலக்கல்ல. 1994 தொடங்கி ஜெஃப்ரி வைசர் முதலியோர், ஒரே வகைக்குள்ளேயே ஒளி ஊடுருவும் காலனிகளும் ஒளி ஊடுருவாத காலனிகளும் இருப்பதையும், முன்னது மூக்கிலும் தொண்டையிலும் ஒட்டி வாழ்வதிலும் தடித்த உறை கொண்ட பின்னது இரத்தத்தில் தப்பிப்பதிலும் திறமிக்கது என்பதையும் விவரித்தார்கள். 2014இல் வெளியான ஆய்வு, இத்தகைய மாற்றத்தின் ஒரு பகுதியை ஆறு நிலைகளுக்கிடையே தற்செயலாகத் திருகிக்கொள்ளும் ஒரு மரபணு விசையோடு தொடர்புபடுத்தியது. விசையைத் திருகுவது உடலல்ல. திருகியவற்றில் எது எங்கே வாழ வேண்டும் என்பதை முடிவு செய்வதே உடலின் வேலை. கிரிஃபித் பார்த்ததை எல்லாம் சரியாகப் பார்த்தார், அதைக் கிருமியின் முயற்சி என்று கொண்டதே அவரது பிழை.

அவர் ஒதுக்கிய முதல் விளக்கமும் உண்மையே ஆயிற்று. குழந்தைகளின் தொண்டையில் ஒரே நேரத்தில் பல வகைகள் சேர்ந்து குடியிருப்பது இன்று வழக்கமான கண்டுபிடிப்பு. ஆனால் அவ்வாறு சேர்ந்து வாழ்வதே, இறந்த அண்டைக் கிருமியின் டிஎன்ஏவை உயிருள்ள கிருமி உள்வாங்கி வேறு உறை பூணும் வாய்ப்பையும் தருகிறது. உறையை ஆக்கும் மரபணுக்கள் ஒரே இடத்தில் தொகுதியாக அமைந்திருப்பதால், ஒரே ஒரு பரிமாற்றத்தில் முழு உறையும் மாறிவிடும். கிரிஃபித் ஒன்றுக்கொன்று மாற்றாக நிறுத்திய இரு விளக்கங்களும் உண்மையில் ஒரே கதையின் இரு பாதிகள்.

இந்தக் கதை தனி உடலிலிருந்து நாட்டு அளவுக்கு விரிந்தது தடுப்பூசிகளால். உறைப்பொருளையே தடுப்பூசியாகக் கொடுக்கும் முயற்சி 1945இல் அமெரிக்க ராணுவ முகாமில் வெற்றிபெற்று, மருந்துகளின் வரவால் மறக்கப்பட்டு, ராபர்ட் ஆஸ்ட்ரியனின் விடாமுயற்சியால் 1977இல் 14 வகைத் தடுப்பூசியாக மீண்டது. குழந்தைகளுக்கென உறைப்பொருளைப் புரதத்தோடு பிணைத்துச் செய்த ஏழு வகைத் தடுப்பூசியை 2000இல் அமெரிக்கா பயன்படுத்தத் தொடங்கியதும் அந்த ஏழு வகைகள் மளமளவெனக் குறைந்தன. காலியான இடத்தில், தடுப்பூசியில் இல்லாத 19ஏ வகை பெருகியது. 1984இல் பார்சிலோனா மருத்துவமனை ஒன்றில் கண்டறியப்பட்டு உலகெங்கும் பரவிய ஒரு மருந்தெதிர்ப்பு வழியின் 240 மாதிரிகளை ஒப்பிட்டு 2011இல் நிக்கலஸ் குரூச்சர் முதலியோர் வெளியிட்ட ஆய்வு, அந்த வழியில் 19ஏ உறைக்கு மாறியவை தடுப்பூசி வருவதற்கு முன்பே தோன்றியிருந்தன என்று காட்டியது. தடுப்பூசி அவற்றை உண்டாக்கவில்லை. அவற்றின் போட்டியாளர்களை அகற்றியது. 36 குழாய்களில் நடந்ததே கோடிக்கணக்கான குழந்தைகளின் தொண்டைகளில் நடந்திருக்கிறது. இதைக் கொண்டு தடுப்பூசியைக் குறை சொல்வது தவறு, ஏனெனில் மொத்த நோய்ச்சுமை பெரிதும் குறைந்தே இருக்கிறது; ஆனால் ஒருமுறை போட்டுவிட்டுக் கண்காணிப்பைக் கைவிடலாம் என்று எண்ணுவது அதைவிடப் பெரிய தவறு. 2010இல் 19ஏவையும் சேர்த்து 13 வகைத் தடுப்பூசி வந்தது.

இந்தியா 2017இல் இமாசலப் பிரதேசத்திலும் பிகார், உத்தரப் பிரதேசத்தின் சில பகுதிகளிலும் தொடங்கிய இந்தத் தடுப்பூசியை 2021இல் தமிழ்நாடு உட்பட நாடு முழுவதற்கும் விரிவாக்கியது. புனேயில் தயாராகும் பத்து வகைத் தடுப்பூசி அதற்கு முந்தைய ஆண்டின் இறுதியில் அறிமுகமாகியிருந்தது. எந்த வகை குறைகிறது, எது தலையெடுக்கிறது என்று பார்ப்பதற்கான ஆய்வகங்களில், தென்கிழக்கு ஆசியப் பகுதிக்கான உலக சுகாதார நிறுவனத்தின் மேற்கோள் ஆய்வகமாகச் செயல்படும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வகமும் ஒன்று. மரபணுவைக் கொண்டு வகை காணும் முறைகள் வந்துவிட்ட பின்னும், ஐயம் எழும்போது தீர்ப்புச் சொல்லும் அளவுகோலாக இன்றும் கொள்ளப்படுவது, சீரம் பட்டதும் கிருமியின் உறை புடைப்பதை நுண்ணோக்கியில் பார்க்கும் நாய்ஃபெல்டின் 1902ஆம் ஆண்டு முறையே.